ஜெலட்டினா, கடற்பாசியா, கிழங்கு மாவா? கிழக்கின் வெயிலுக்கு எது நிற்கும்

யோகட், ஐஸ்கிறீம், தக்காளி சோஸ், ஜாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டோடு உணவுத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் முதலில் கை வைக்கிறார்கள். நாலிலும் கொஞ்ச நாளில் ஒரே பிரச்சினை வந்து நிற்கும். தண்ணியாகப் போகிறது, இறுக்க என்ன போடலாம்? கடைக்காரரிடம் கேட்டால் தன்னிடம் இருப்பதைக் காட்டுவார். யூடியூப்பில் தேடினால் சென்னையில் கிடைப்பதைச் சொல்வார்கள். கடைசியில் எது கிலோ மலிவோ அதை வாங்கிக்கொண்டு வருவதுதான் நடக்கிறது.

கிலோ விலை கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. இதை யார் சாப்பிடப் போகிறார்கள்? அடுப்படியிலிருந்து அவர்கள் வாய்க்குப் போகும்வரை இது எத்தனை மணித்தியாலம் சூட்டில் இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிச் சாமான்கள் தாமாகவே கழிந்துவிடும்.

தயிரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. படுவான்கரைப் பட்டிகளிலிருந்து வரும் எருமைப்பாலில் கொழுப்பு மட்டும் 7, 8 சதவீதம். கொழுப்பு, புரதம், பாற்சீனி எல்லாம் சேர்ந்த மொத்தத் திண்மம் 16, 17 சதவீதம். பசுப்பாலில் அது 12, 13தான். போதாததற்கு மண்சட்டி வேறு தண்ணீரை உறிஞ்சி வெளிப்பக்கமாக ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். சட்டியைச் சரித்தாலும் வழியாத தயிர் அப்படித்தான் வருகிறது. எருமைத் தயிருக்கு மா போட வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாலைத்தான். அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

யோகட்: பிரச்சினை முழுக்க இங்கேதான்

நம் நாட்டில் கப் யோகட் என்றால் வழக்கமாக ஜெலட்டின்தான். அதற்குக் காரணமும் உண்டு. ஜெலட்டின் உடற்சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே, 30 முதல் 35 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கரைகிற அந்தச் சுகத்தை வேறு எதுவும் அவ்வளவு லேசில் தராது. பாலுடன் சண்டையும் பிடிக்காது. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சூடான பாலில் கரைத்துவிட்டால் வேலை முடிந்தது. அளவு 0.4, 0.5 சதவீதம் போதும்.

வாயில் உருகுகிற அதே குணம்தான் இங்கே வினை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வாழைச்சேனையிலோ அக்கரைப்பற்றிலோ நிழலில் வைத்த வெப்பமானியே 33, 34 காட்டும். காலையில் ஆரையம்பதியில் ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கிய கப், ஓட்டோவில் ஏறி மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலைக் கடையின் குளிர்ப்பெட்டிக்குள் போகும்போது பகலாகிவிடும். அந்தக் குளிர்ப்பெட்டியிலும் சோடாப் போத்தல்கள்தான் முன்வரிசை. மறுநாள் அந்தக் கப் ஒன்றைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்பக்கம் நனைந்திருக்கும். விளிம்பைச் சுற்றி மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிநீர் ஒரு விரல் அகலத்துக்கு நிற்கும். கரண்டியை வைத்ததும் யோகட் கப்பின் சுவரைவிட்டு மொத்தமாக வழுக்கி வரும். உருகிய ஜெலட்டின் குளிரில் திரும்பவும் இறுகும்தான். ஆனால் வழியில் குலுங்கி உடைந்த பாற்கட்டு திரும்ப ஒட்டாது. வாங்கியவர் பழுதான சாமான் என்று நினைத்து வீசிவிடுவார். அது பழுதே இல்லை என்று நீங்கள் விளக்கப் போக முடியாது.

அடுத்தது, யார் சாப்பிடுகிறார்கள் என்கிற கேள்வி. ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தோ மாட்டுத் தோல், எலும்பிலிருந்தோ வருவது, மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். பன்றி என்றால் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, நிந்தவூர் எதுவும் தொடாது. சரி, ஹலால் சான்றுள்ள மாட்டு ஜெலட்டின் வாங்குவோம் என்றால், பக்கத்து ஊரில் மாட்டிறைச்சி தொடாத சைவக் குடும்பங்கள் இருக்கின்றன. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கினால் மச்சம் மாமிசம் தொடாத வீடுகள் இன்னும் கூடும். புட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் மாறி மாறி அடுக்கியிருக்கும் இந்தக் கரையோரத்தில், ஒரே வண்டியில் ஒரே சாமானைக் கல்முனையிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் மாளிகைக்காட்டிலும் இறக்க வேண்டியவருக்கு ஜெலட்டின் பாதிச் சந்தையை மூடிவிடுகிறது. மீன் ஜெலட்டின் இரண்டு பக்கத்திலும் ஓரளவு பிரச்சினையைக் குறைக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு அதுவும் ஆகாது. அதைவிட, மீன் ஜெலட்டின் மாட்டு ஜெலட்டினிலும் குறைந்த சூட்டிலேயே உருகும். எங்கள் வெயிலுக்கு அது இன்னும் மோசம்.

இதற்கு நேர் எதிர்க்கரையில் நிற்பது கடற்பாசி, அதாவது அகர் அகர். நோன்புக் காலத்தில் பாலும் ரோஸ் சிரப்பும் ஊற்றி, தட்டில் ஆறவைத்து, சாய்சதுரமாக வெட்டிவைப்பார்களே, அதேதான். முஸ்லிம் வீடுகளில் ராத்தாமாருக்கு இதன் கைப்பக்குவம் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்பாசி 32 முதல் 40 பாகைக்குள் இறுகும். இறுகியபின் உருக வேண்டுமென்றால் 85 பாகை வேண்டும். இறுகுவதற்கும் உருகுவதற்கும் இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி உள்ள சாமான் அபூர்வம். மட்டக்களப்பு வெயில் அதை ஒன்றும் செய்யாது. கடலில் விளைந்த தாவரம் என்பதால் ஹலால் கேள்வியும் இல்லை, சைவக் கேள்வியும் இல்லை.

ஆனால் கடற்பாசி வாயில் உருகாது, உடையும். அளவு கொஞ்சம் கூடினால் யோகட் யோகட்டாக இராது. வெட்டினால் விளிம்பு கூராக நிற்கிற பால் கேக்காகிவிடும். 0.1 முதல் 0.2 சதவீதம்வரைதான் என் சிபாரிசு. 0.3ஐத் தாண்டினால் நாக்குக்குத் தெரிந்துவிடும். இன்னொரு குறை, கடற்பாசிக் கட்டு நாள்படத் தானே கொஞ்சம் தண்ணீர் கசியும். அதனால் அதை மட்டும் நம்பி விடவும் முடியாது.

செய்முறையிலும் அது கொஞ்சம் முரட்டுச் சாமான். நேரே பாலில் தூவினால் கரையாது. கொஞ்சத் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்து, கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு துகள்கூடத் தெரியாத அளவுக்குத் தெளிந்தபிறகுதான், 80 பாகைக்கு மேல் சூடாக இருக்கும் பாலில் ஊற்ற வேண்டும். பிறகு 43க்கு ஆற்றி, உறை கலந்து, உடனே கப்பில் நிரப்ப வேண்டும். நிரப்பும்போதே பால் 40க்குக் கீழே போய்விட்டால் அண்டாவுக்குள்ளேயே இறுகத் தொடங்கும். அதைக் கலக்கினால் ரவை ரவையாக உடையும். உடைந்தது திரும்பச் சேராது. நூல் நூலாகக் கட்டி விற்பதைவிடத் தூளாக வருவது நல்லது. நூலின் பலம் கட்டுக்குக் கட்டு மாறும்.

மூன்றாவது வழி மாச்சத்து. சோளமா எல்லாக் கடையிலும் இருக்கிறது. யாருக்கும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. 1 சதவீதம் அளவில் பாலுடன் சேர்த்து 85, 90 பாகைவரை சூடாக்கினால் நன்றாகவே இறுகும். அரைவேக்காடாக எடுத்தால் நாக்கில் மா தட்டும். குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் இருந்தால் மாச்சத்து மூலக்கூறுகள் திரும்பவும் ஒன்றோடொன்று நெருங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். சோற்றை மறுநாள் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் விறைத்திருப்பதும் இதனால்தான். மரவள்ளி மா இதில் சோளமாவைவிட ஒரு படி மேல். நீண்ட நேர்ச்சங்கிலி வகை மாச்சத்து அதில் குறைவு என்பதால் அவ்வளவு சீக்கிரம் விறைக்காது. செய்த அன்றும் மறுநாளும் விற்றுத் தீர்க்கிற சிறு ஆளுக்கு இது தாராளமாகப் போதும்.

நாலாவது வழியை நிறையப் பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒன்றும் போடாமல் பாலையே தடிப்பாக்குவது. பசுப்பாலில் 2, 3 சதவீதம் பால்மா சேர்த்து, 85 பாகையில் அரை மணித்தியாலம் வைத்திருந்தால் பாலிலுள்ள மோர்ப் புரதம் குலைந்து கேசின் என்ற இன்னொரு பாற்புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பால் உறையும்போது தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். பொங்கியதும் இறக்கிவிடுகிற பாலுக்கும் அரை மணித்தியாலம் சூட்டில் நின்ற பாலுக்கும் கப்பில் தெரிகிற வித்தியாசத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு அவசரப்படமாட்டார். பால்மா விலை ஏறியிருக்கும்போது இந்த வழி கையைக் கடிக்கும். அப்போது பாதி எருமைப்பால் கலக்கலாம். கிழக்கில் இருக்கிறவர்களுக்குள்ள வசதி அது.

குவார் கம், சாந்தன் கம் என்ற பசைத் தூள்கள் இரண்டையும் கப் யோகட்டில் போடச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம். குவார் கம்மும் பாற்புரதமும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போட்டுப் பிரிந்து நிற்கும். மேலே நீர், கீழே மணல்போல ஒரு கட்டி. சாந்தன் போட்டால் கரண்டியோடு இழுபட்டு வரும்.

இப்போது விலைக்கு வருவோம். 80 கிராம் கப்புக்கு ஜெலட்டின் 0.5 சதவீதம் என்றால் 0.4 கிராம். ஒரு கிலோவில் 2500 கப். கடற்பாசித் தூள் 0.15 சதவீதம் என்றால் கப்புக்கு 0.12 கிராம், ஒரு கிலோவில் 8300 கப்புக்கு மேல். ஆக, கடற்பாசி கிலோவுக்கு மூன்று மடங்கு விலை சொன்னாலும் கப்புக்குக் கப் பார்த்தால் ஜெலட்டினைவிடக் கொஞ்சம் குறைவுதான். "என்ன அக்கா, கிலோ இந்த விலையா!" என்று கடையிலிருந்து திரும்பி வருகிற தங்கச்சிமார் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் நல்லது.

என் தேர்வு இது. இரண்டு சமூகத்து ஊர்களுக்கும் அனுப்புகிறவர், குளிர் வண்டி இல்லாதவர், பாலை நன்றாகக் காய்ச்சித் திண்மத்தைக் கூட்டிவிட்டு, 0.15 சதவீதம் கடற்பாசி போடட்டும். நகரத்துக்குள்ளேயே, ஒரே சமூகத்தாருக்கு, குளிர்ப்பெட்டியிலிருந்து குளிர்ப்பெட்டிக்கு விற்கிறவர் சான்றுள்ள ஜெலட்டினைத் தாராளமாகத் தொடரலாம். வாய்க்கு அதுதான் நல்லது, அதை மறுக்க முடியாது. கோயில் அன்னதானத்துக்கோ கல்யாணத்துக்கோ மொத்தமாக எடுத்து அன்றே முடிக்கிறவருக்கு மரவள்ளி மா.

பழ ஜெலி, புடிங் செய்கிறவர்களுக்கு ஒரு வரி. சமைக்காத அன்னாசி, பப்பாசி இரண்டிலும் புரதத்தைத் தின்கிற நொதியம் இருக்கிறது. ஜெலட்டினோடு சேர்த்தால் இறுகவே இறுகாது. கடற்பாசிக்கு அந்தப் பயமில்லை.

ஐஸ்கிறீமும் ஐஸ்பழமும்

இங்கே எதிரி வேறு. ஐஸ்கிறீம் தண்ணீர் விடுவதல்ல பிரச்சினை, பளிங்கு வளர்வதுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலத்தை ஐஸ்கிறீம்காரர் மறக்கமாட்டார்கள். கொஞ்சம் உருகி, திரும்ப உறைந்து, திரும்ப உருகினால் சின்னச் சின்னப் பனிப்பளிங்குகள் கரைந்துபோய்ப் பெரியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கடித்தால் பல்லில் நறநறவென்று படும். இப்போது அவ்வளவு நேரம் கரண்ட் போவதில்லை. ஆனால் கடைக்காரர் இரவில் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவைப்பது நின்றபாடில்லை.

இந்த வேலைக்குக் குவார் கம் நல்ல ஆள். கொத்தவரை வகை அவரையின் விதையிலிருந்து எடுப்பது. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில் விளைகிறது. குளிர்ந்த பாலிலேயே ஊறிவிடும், கொதிக்கவைக்க வேண்டியதில்லை. 0.2 சதவீதமே கலவையை நன்றாகத் தடிப்பாக்கிவிடும். அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறவர்கள் இதை அள்ளி வாங்கியதால் 2012இல் இதன் விலை வானத்துக்குப் போனது. ஐஸ்கிறீமுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் இப்படியொரு உறவு!

கரோப் மரத்து விதையிலிருந்து வரும் லோகஸ்ட் பீன் கம் இதைவிட மேல். உருகி உறைவதை அது தாங்குகிற அளவுக்குக் குவார் தாங்காது. ஆனால் 80 பாகைக்குச் சூடாக்கினால்தான் முழுதாகக் கரையும், விலையும் கூட. பெரிய கம்பனிகள் இரண்டையும் கலந்து, கூடவே துளி கராஜீனனும் சேர்ப்பார்கள். முன்பு யோகட்டில் சொன்ன அதே பிரிவினை ஐஸ்கிறீம் கலவையிலும் நடக்கும். கராஜீனன் பாற்புரதத்தைப் பிடித்துவைத்து அதைத் தடுக்கும். அதற்கு 0.02 சதவீதமே போதும். 10 லீட்டருக்கு 2 கிராம். கராஜீனனும் கடற்பாசி இனத்திலிருந்துதான் வருகிறது. வடக்கில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் அதற்காக வளர்க்கும் பாசி காய்ந்தபடியே கப்பலேறிப் போகிறது.

கராஜீனன் புற்றுநோய் தரும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைக் காட்டிக் கேட்கிறார்கள். அமிலத்தில் சிதைத்த பொலிஜீனன் என்ற பொருளில் செய்த ஆய்வுகளும் உணவுக் கராஜீனனில் செய்த ஆய்வுகளும் அந்தச் செய்தியில் கலந்துவிட்டிருக்கின்றன. பொலிஜீனன் உணவில் சேர்க்கிற பொருளே அல்ல. ஆனாலும் உங்கள் வாடிக்கையாளர் பயந்தால் பயம்தான். குவார் மட்டும் போட்டுச் சமாளியுங்கள். கலவையை இரவு முழுக்க 4 பாகையில் வைத்து ஊறவிட்டால் பாதி வித்தியாசம் மறைந்துவிடும்.

பொதியாக வரும் "ஐஸ்கிறீம் ஸ்டெபிலைசர்" தூளை வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். அதில் ஈ-471 என்ற இலக்கம் இருந்தால் அது கொழுப்பிலிருந்து செய்த குழம்பாக்கி, அதாவது கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்துவைக்கிற பொருள். தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம்; இலக்கத்தை மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. ஓட்டமாவடியில் கடை வைத்திருக்கும் காக்கா இதைத்தான் முதலில் கேட்பார்.

ஐஸ்பழத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் உறிஞ்சும்போது நிறமும் இனிப்பும் முதல் இரண்டு இழுப்பிலேயே வந்துவிட்டு, கையில் வெள்ளை ஐஸ்கட்டி மிஞ்சுகிறதல்லவா? சீனித் தண்ணீரில் 0.2 சதவீதம் குவார் சேர்த்தால் அது நிற்கும். சோளமாக் கஞ்சியிலும் இதைச் செய்யலாம். நிறம் மங்கும், அவ்வளவுதான்.

தக்காளி சோஸ், மிளகாய் சோஸ்

அம்பாறைப் பக்கம் தக்காளி கொட்டிக் கிடக்கிற வாரங்களில் கிலோ அடிமாட்டு விலைக்குப் போகும். அப்போதுதான் பலருக்கும் சோஸ் யோசனை வருகிறது. சோஸுக்கு முதல் தடிப்பாக்கி தக்காளிக்குள்ளேயே இருக்கிறது, பெக்டின். அதை நாமே கொன்றுவிடுகிறோம். தக்காளியை வெட்டியதும் அல்லது அரைத்ததும் அதிலுள்ள நொதியங்கள் பெக்டினைத் தின்னத் தொடங்கும். காலையில் அரைத்துச் சட்டியில் வைத்துவிட்டு மத்தியானம் அடுப்பில் ஏற்றினால் எவ்வளவு வற்றவிட்டாலும் ஓடும். வெட்டிய உடனே, சட்டியில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் கொஞ்சச் சாற்றுக்குள் போட்டு 90 பாகைக்கு மேலே கொண்டுபோய்விட்டால் நொதியம் செத்துவிடும். பிறகு ஆறுதலாக அரைக்கலாம், வடிக்கலாம். தொழிற்சாலைகளிலும் தடித்த சோஸுக்கு இதைத்தான் செய்கிறார்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

அதற்குப் பிறகும் தடிப்பு வேண்டுமென்றால் போட்டி சோளமாவுக்கும் சாந்தன் கம்முக்கும்தான். சோளமா 3 சதவீதம் வேண்டும். 400 கிராம் போத்தலுக்கு 12 கிராம். சாந்தன் 0.15 சதவீதம், அதே போத்தலுக்கு 0.6 கிராம். எடையில் 20 மடங்கு வித்தியாசம். சோளமாவின் சங்கடம் வினாகிரி. அமிலத்தோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் மாச்சத்து அறுந்து சோஸ் இளகும். வினாகிரியைக் கடைசியில், இறக்குகிற நேரம் ஊற்றினால் தப்பலாம். இன்னொன்றும் நடக்கும். சோஸ் ஆறிக்கொண்டிருக்கையில் யாராவது ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு அதே கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விட்டால், எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதியம் மாச்சத்தைச் செரிக்கத் தொடங்கலாம். நேற்றுக் கூழாக இருந்தது இன்றைக்குத் தண்ணியாகிவிட்டது என்கிற புதிர்களில் சில இப்படி வந்திருக்கலாம். கிருமி போகிற கதை தனி.

சாந்தன் கம் அமிலம், உப்பு, சூடு எதற்கும் அசையாது. போத்தலைத் தட்டினால் ஓடும், தட்டில் விழுந்ததும் நின்றுவிடும். அந்த ஓட்டம் கடைச் சோஸின் ஓட்டம். இது இயற்கையானதா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இது மரத்திலோ கடலிலோ விளைவதில்லை. கோவா இலையைக் கருக வைக்கிற சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பக்டீரியாவைச் சீனிக் கரைசலில் வளர்த்தெடுக்கிற பசை. அமெரிக்காவில் 1969இல் உணவுக்கு அனுமதி கிடைத்தது. தயிர், வினாகிரி எல்லாம் எப்படி நொதித்தலில் வருகின்றனவோ அந்த வரிசையில் இதையும் நான் வைப்பேன். "கம் எதுவும் போடாதது" என்று விளம்பரம் செய்கிறவர் வைக்கமாட்டார். அவர் தக்காளியை இன்னும் ஒரு மணித்தியாலம் கூடுதலாக வற்றவிட்டு, எரிவாயுச் செலவைப் போத்தல் விலையில் சேர்க்க வேண்டியதுதான்.

சாந்தனை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் வெற்றி தோல்வி. நேரே சோஸில் கொட்டினால் வெளியே வழவழவென்றும் உள்ளே காய்ந்த தூளாகவும் கொண்டைக்கடலை அளவில் உருண்டைகள் மிதக்கும். எவ்வளவு அடித்தாலும் கரையாது. செய்முறையில் உள்ள சீனியிலிருந்து சாந்தனைப்போலப் பத்து மடங்கை எடுத்து அதனோடு உலர்வாகக் கலந்து, கிளறிக்கொண்டே மழைத்தூறல் போலத் தூவ வேண்டும். குவார், பெக்டின் எல்லாவற்றுக்கும் இதே கைவேலைதான்.

மரவள்ளி மாவை இங்கேயும் சொல்லலாம். கிழங்கைத் துருவி, தண்ணீரில் அலசிப் பிழிந்து, அடியில் படியும் வெள்ளை வண்டலைக் காயவைத்தால் வீட்டிலேயே கிடைக்கும். கோதுமை மாவைப் பிசைந்து கழுவிப் பாலெடுத்து மஸ்கட் கிண்டுகிறவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. சோஸ் பளபளப்பாக வரும், கொஞ்சம் நூல் இழுக்கும். மிளகாய் சோஸில் இஞ்சியும் போகிறதே, மரவள்ளிக்கு இஞ்சி ஆகாதே என்று வீட்டில் பெரியம்மா தடுப்பார். மரவள்ளியின் நஞ்சு அதிலிருந்து பிறக்கும் சயனைட். துருவி அலசி வண்டலாக்கிக் காயவைத்த மாவில் அது பெரும்பாலும் தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும். பெரியம்மாவை அது சமாதானப்படுத்துமா என்பது வேறு விஷயம்.

ஜாம்

விளாம்பழத்துக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. பெக்டினும் புளிப்பும் அதிலேயே நிறைய. கொய்யாவும் அப்படித்தான். ஒரு பங்கு கொஞ்சம் செங்காயாக இருந்தால் இன்னும் நல்லது, பழுக்கப் பழுக்கப் பெக்டின் குறையும். மாம்பழம் நடுத்தரம். அன்னாசிதான் இழுத்தடிக்கும்.

சாதாரணப் பெக்டின் இறுக இரண்டு நிபந்தனை: சீனி முதலான கரைந்த திண்மம் 60 சதவீதத்துக்கு மேல், புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 2.8 முதல் 3.5க்குள். சீனியைக் குறைத்துவிட்டு "ஏன் இறுகவில்லை?" என்று இன்னும் இன்னும் காய்ச்சுகிறவர்கள் இருக்கும் பெக்டினையும் சூட்டில் சிதைத்துவிடுவார்கள். 104, 105 பாகை வந்ததும் இறக்க வேண்டும். அன்னாசிக்கு வாங்கிய பெக்டின் போடுவதா, கடற்பாசி போடுவதா என்றால், பாணில் பூசுகிற ஜாமுக்குப் பெக்டின்தான். கடற்பாசி போட்ட ஜாம் கத்தியில் துண்டு துண்டாக வரும், பழ வாசமும் அமுங்கிவிடும். சீனி வருத்தக்காரருக்காகச் சீனி குறைத்துச் செய்கிறவர் மட்டும் சீனி தேவைப்படாத, கல்சியத்தோடு இறுகும் குறை மெதொக்சில் பெக்டினைத் தேடி வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கடற்பாசி. வாங்கிய பெக்டினுக்குப் பதிலாக விளாம்பழக் கூழில் கால் பங்கை அன்னாசியோடு சேர்த்துப் பாருங்கள். நிறம் கறுக்கும், வாசம் மாறும். ஆனால் அம்பாறை, பொத்துவில் பக்கம் அந்த வாசத்தை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள்.

குடிக்கும் யோகட் செய்கிறவர்களுக்கும் சாதாரணப் பெக்டின்தான் தேவைப்படும். 0.3 முதல் 0.5 சதவீதம் சேர்த்தால் புளித்த பாலின் புரதம் அடியில் படியாமல் மிதக்கும். வேறு எந்த இயற்கைச் சாமானும் அந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை. பலூடாக்காரருக்குக் கசகசா, அதாவது சப்ஜா விதை, போதும்.

வாங்கும் இடத்தில்

இவ்வளவும் கிராமுக்குக் கீழே போகிற கணக்கு. தேக்கரண்டியால் அளக்கிறவருக்கு ஒரு நாள் கூழும் ஒரு நாள் தண்ணியும்தான் வரும். 0.1 கிராம் காட்டும் சிறு இலத்திரனியல் தராசு முதலில் வாங்குங்கள், தூளைப் பிறகு. பசைத் தூள்கள் எல்லாம் ஈரம் குடிக்கும். மாரி தொடங்கினால் திறந்த பொதி ஒரு வாரத்தில் கட்டி தட்டிவிடும். 25 கிலோ மூட்டை மலிவு என்று கூட்டாக வாங்கிப் பங்கு போடுகிறவர்கள் இறுகும் மூடியுள்ள போத்தலில், மேலே பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். சாந்தன், குவார், பெக்டின் மூன்றும் வெளிர் நிறத் தூள்தான். ஒன்றை இன்னொன்றாக நினைத்துப் போட்டால் அன்றைய அண்டா முழுதும் போச்சு.

மூட்டையைப் பிரித்துப் பெயரில்லாத பொலித்தீன் பையில் கட்டி விற்கும் கடையில் ஜெலட்டினும் ஸ்டெபிலைசர் கலவையும் வாங்க வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் மூலப் பொதியின் லேபலாவது இருக்க வேண்டும். உற்பத்தியாளரின் விவரத்தாளையும் ஹலால் சான்றின் பிரதியையும் விற்பனையாளரிடம் கேளுங்கள். ஒழுங்கான இறக்குமதியாளர் தருவார். உங்கள் கப்பின் லேபலில் "ஸ்டெபிலைசர்" என்று மொட்டையாக எழுதுவதைவிட "கடற்பாசி (ஈ-406)" என்றோ "மாட்டு ஜெலட்டின்" என்றோ மூலத்தோடு தமிழிலேயே போட்டுவிடுங்கள். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே பதில் கப்பில் இருக்கும்.